கார் குலுங்கினால் ஓட்டுபவரைத் திட்டாதீர்கள்



லைசென்ஸ் வாங்கிய பிறகும் காரைத் தொடாத பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கியர் மாத்தும்போது வண்டி தூக்கிப் போடுது சார். பக்கத்துல உட்கார்ந்து இவர் கத்துறார். எனக்கு இதெல்லாம் வராதுன்னு விட்டுட்டேன்."

கத்துகிறவரைக் "ஏன் குலுங்குகிறது?" என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாது! இது கைராசி இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

பல சிறிய கார்களில் கியர் விகிதம் முதல் கியருக்குச் சுமார் 3.5, இரண்டாவதுக்கு 1.9, மூன்றாவதுக்கு 1.3, நான்காவதுக்கு 1-ஐ விடச் சற்றுக் குறைவு. முதல் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாவது கியர் போட்டால் இன்ஜின் 1600-க்கு இறங்கியாக வேண்டும். கிட்டத்தட்டப் பாதி! மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது 3000 சுமார் 2200 ஆனால் போதும். மேல் கியர்களில் வண்டி வழுக்கிக்கொண்டு போவதும் கீழ் கியர்களில் உதறுவதும் இதனால்தான்.

ஓடுகிறவனும் நடக்கிறவனும் திடீரென்று கை கோர்த்தால் இருவருக்கும் தோள் வலிக்கும். கிளட்சைச் சட்டென்று விடுவது அப்படித்தான். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வண்டி முன்னே துள்ளும். மெதுவாகச் சுற்றினால் பின்னே இழுக்கும். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கும்போது 1500 சுற்று 2750-க்கு மேல் ஏற வேண்டியிருப்பதால் தலை முன்னே சாய்கிறது. போதாக்குறைக்கு, இன்ஜினின் திருப்புவிசை இரண்டாவது கியரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக முதல் கியரில் சக்கரத்துக்குப் போகிறது. காலில் சின்னப் பிசகு, வண்டியில் பெரிய குலுக்கல்.

வழி எளிது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை முழுதாக மிதித்து, நிதானமாகக் கியரைப் போடுங்கள். இன்ஜின் இறங்க ஒரு நொடி கொடுங்கள். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் காலைக் கொஞ்சம் நிறுத்தி, பிறகு முழுதாக விடுங்கள். முதல் கியருக்கு இறக்குவதானால் வண்டி நடை வேகத்துக்கு வந்த பிறகு இறக்குங்கள்.

பல டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். முக்கியமான நேரத்தில் அவரே மிதித்துவிடுவார். படிப்பவருக்குக் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதே தெரியாமல் டெஸ்ட் முடிந்துவிடும். அதற்கான பழி வீட்டில் அந்தப் பெண் மேல் விழுகிறது. இது என்ன நியாயம்?

நன்றாக ஓட்டத் தெரிந்தவர் ஓட்டினாலும் குலுங்கினால், கியர் மாற்றாமல் ஒரே வேகத்தில் போகும்போதும் உதறினால், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கிளட்ச் தேய்ந்திருக்கலாம், இன்ஜின் மவுண்ட், ஸ்பார்க் பிளக் போயிருக்கலாம்.

மற்றபடி, பக்கத்து சீட்டில் உட்காருகிற தம்பிகளுக்கு ஒரே விண்ணப்பம். நடுராத்திரியில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், வீட்டில் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம்! அந்தப் பலத்தை உங்கள் சத்தத்தால் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள், காலியான மைதானத்தில் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்காருங்கள். வண்டி தானாக வசப்படும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்