தொட மறுத்தவன் எங்கே?

பி.ஏ. முதலாண்டில் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ‘அன்டச்சபிலிட்டி’யில் வந்து நின்றேன். நாக்கு புரளல. வகுப்பே சிரிச்சது. அந்தச் சொல்லால் அடிபட்டவன் நான். அதை வாசிக்கத் தெரியாமல் நின்றவனும் நான்.

இன்று என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளும் நீளமான இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டால் மிரளுகிறார்கள். மிரளாதே, வெட்டு என்கிறேன். வாய்க்காக ஒரு வெட்டு: அன்-டச்-அ-பில்-இ-டி. ஆறு அசை. கைதட்டிக்கிட்டே சொன்னா நாக்கு பழகிடும். பொருளுக்காக இன்னொரு வெட்டு: அன், டச், ஏபிள், இட்டி. நாலு துண்டு. மறுப்பு, தொடுதல், தகுதல், தன்மை. ‘இட்டி’ வந்து ஒட்டும்போது ‘ஏபிள்’ தன் உருவம் மாறி ‘அபில்’ ஆகிறது. இது பிடிபட்டால் ‘அக்கவுன்டபிலிட்டி’யைப் பிள்ளைகள் தாங்களே வெட்டிக்கொள்வார்கள்.

தோழர்களே, கட்டுடைத்தல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இதுவும் அதுதான். துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்: தொடத் தகாத தன்மை. யாருடைய தன்மை? தொடப்படாதவனுடையதாம்! தொட மறுத்தவன் அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. ‘ஏபிள்’ என்ற சின்ன ஒட்டு, அவன் குற்றத்தை எடுத்து நம் உடம்பில் ஒட்டிவிட்டது.

தமிழில் வெட்டுங்கள்: தீண்டு, ஆ, மை. தீண்டாதிருத்தல். இது செயல். செய்கிறவன் ஒருவன் இருந்தே ஆகணும். உடனே தமிழ்ப் பெருமை பேச வேண்டாம். ‘தீண்டத்தகாதவர்’ என்று அதே ஒட்டைத் தமிழிலும் ஒட்டிக்கொண்டவர்கள்தான் நாம்.

17ஆவது பிரிவு 1950 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து, ஒழித்ததாக அறிவிக்கிறது. அதன் பொருள் இன்னதென்று அரசியல் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. 1955இல் வந்த தண்டனைச் சட்டத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருந்தது. 1976இல் அதைக் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று மாற்றினார்கள். பேரு மாறிச்சு. ஊரு மாறிச்சா?

நான் வங்கிக் குமாஸ்தா. யார் கணக்கில் எதை எழுதியிருக்கு என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்தச் சொல்லில் டெபிட் தப்பான கணக்கில் விழுந்திருக்கு. தப்பைத் திருத்தணும்னா முதலில் பேரேட்டை வாசிக்கத் தெரியணும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். பிள்ளைகளா, சத்தமா, அசை பிரிச்சு வாசிங்க.