குழியில் இறங்கியவரும் தள்ளப்பட்டவரும்

துன்பம் மனிதனை உயர்த்தும் என்று துன்பப்படாதவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதானா என்று பார்ப்பதற்கே இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு நெசவாளர் சிநேகம். கருட சேவைக்குத் தெருவே திரளுகிற ஊரில், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். அவர் வீட்டில் ஒரு ஜெபக் கூட்டம். நான் கிறிஸ்தவனல்லன்; நட்புக்காகப் போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் நல்ல குரல்வளம் உள்ளவர். உபத்திரவம் என்பது தேவன் நடத்தும் பள்ளிக்கூடம் என்று ஒரு மணி நேரம் பேசினார். முடிவில் வீட்டுக்காரரையே சுட்டிக்காட்டி, "இந்தச் சகோதரனைப் பாருங்கள்! பத்து வயதில் தறியில் உட்கார்ந்தவர். அந்தக் கஷ்டமல்லவா இவரை வனைந்தது!" என்றார்.

நண்பர் மெல்ல எழுந்தார். "அப்படீன்னா ஐயா, எம் பையனையும் அதே குழியில உக்கார வச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். பதில் வரவில்லை. பாட்டுத்தான் வந்தது.

அந்தக் குழி எது என்று பட்டு உடுத்துகிறவர்களுக்குத் தெரியவேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் பிரியாமல் பிணைய மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரால் அது ஆகாது. கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். 1990களிலும் பல தறிகளில் அது சிறு பிள்ளையின் கையாக இருந்தது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை அடகு. என் நண்பரும் அப்படி அடகு போனவர்தாம். இதைப் பள்ளிக்கூடம் என்று சொல்ல நாக்கு கூசவேண்டாமா?

அவர்களுடைய வேதத்தை நானும் படித்திருக்கிறேன். இயேசு குருடனைப் பார்த்து, 'குருட்டுத்தனம் உனக்கு நல்ல பாடம்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, கண்ணைத் திறந்தார். பசித்த ஜனங்களுக்குப் பசியின் மேன்மையைப் போதிக்கவில்லை, அப்பம் கொடுத்தார். உபத்திரவம் பொறுமையைப் பிறப்பிக்கும் என்று எழுதிய பவுலோ கூடாரம் செய்து பிழைத்தவர். அடியும் சிறையும் பட்டவர். தம் முதுகின் தழும்பைப் பார்த்து அவர் எழுதினார். அடுத்தவன் முதுகைக் காட்டி அல்ல.

தாழ்மையும் அப்படியே. கால் கழுவிய கதையில் கழுவினவர் குரு, சீடர்களல்லர். மேலே இருப்பவன் கீழே இறங்குவதற்குத்தான் தாழ்மை என்று பெயர். ஏற்கெனவே கீழே கிடப்பவனிடம் அதைக் கேட்பது களவு.

இறங்கிக் காட்டியவர் நம் பக்கத்திலேயே இருந்தார். ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஆலையின் லாபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். அவர் டாக்டர் ஜேசுதாசனோடு சேர்ந்து 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார், கதர் உடுத்தினார், மணம் செய்துகொள்ளாமல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1932இல் சென்னைத் தெருவில், தம் இனத்தாரின் ஆட்சியிலேயே, போலீஸ் தடியடியும் பட்டார். ஜேசுதாசனை ஜனங்கள் 'பெரியண்ணன்' என்றார்கள். வெள்ளைக்காரரைச் 'சின்னண்ணன்' என்றார்கள். ஆளும் இனத்தில் பிறந்த ஒருவர், ஆளப்பட்ட ஒருவருக்குத் தம்பியாக வாழ்ந்தார். இதற்கு மேல் தாழ்மைக்கு விளக்கம் வேண்டுமா? அவர் தாமே குழியில் இறங்கினார். என் நண்பர் தள்ளப்பட்டார். இருவர் பட்டதையும் ஒரே சொல்லால் 'சிலுவை' என்று அழைத்தால், தள்ளிய கை தப்பித்துக்கொள்ளும்.

"அப்படியானால் துன்பத்தால் பயனே இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லையென்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் என் நண்பரே எனக்கு எதிர்ச்சாட்சி. இன்று அவர் தறியில் கரை தள்ளுகிறவர் வயது வந்த ஒரு பெண்மணி. கூலி வந்தால் முதலில் அந்த அம்மாளுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் தம் வீட்டுக்கு அரிசி வாங்குவார். பையன் கல்லூரிக்குப் போகிறான். பட்ட பாட்டைப் பிறர்மேல் திருப்பாத இந்த மனம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டேன்.

"அந்தக் குழியில நான் தனியா உக்காரல சார். அவரும் கூட உக்காந்திருந்தாரு" என்றார்.

அவர் விசுவாசத்தை மறுக்க நான் யார்? ஆனால் ஒன்று கவனியுங்கள். கூட உட்கார்ந்தவரைத்தான் அவர் கும்பிடுகிறார். உட்கார வைத்தவர்களை அவர் ஒருநாளும் கடவுளோடு சேர்த்துப் பேசியதில்லை. பிரசங்கியார் குழப்பிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

அவர் மட்டுமா? பிரசங்கியாரைக் குறை சொல்லி, இதுவரை தலையாட்டிக்கொண்டு வந்த நம்மிடமும் 'முன்வினை' இருக்கிறது, 'தலையெழுத்து' இருக்கிறது. முகூர்த்தப் புடவைக்கு ஆயிரம் ரூபாய் அடித்துப் பேசி வாங்கிவிட்டு, நெசவாளியின் பொறுமையைப் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு அவருக்கு வேண்டாம். துன்பத்தில் தமக்குக் கிடைத்ததை அவரே சொல்லட்டும், நாம் கேட்டுக்கொள்வோம். நமக்குள்ள வேலை, அடுத்த பிள்ளை அந்தக் குழியில் விழாமல் பார்ப்பது.