நாப்லியோவில் மூன்று நாள்

ஐரோப்பாவுக்குப் பிரயாணம் செய்யும் நம்மவர்கள் கிரீஸ் தேசத்துக்கு ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று தினங்கள்தாம். ஆதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றைத் தரிசித்துவிட்டு, படங்களில் காணும் வெள்ளை வீடுகள் நிறைந்த ஏதேனும் ஒரு தீவுக்குக் கப்பலேறி விடுகிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு விருப்பமில்லை. ஆயினும், பள்ளிக்கூடம் செல்லும் குழந்தைகளுடன் புறப்படும் குடும்பத்தார் நம்மிடம் யோசனை கேட்டால், நாப்லியோ என்னும் சிறிய கடற்கரைப் பட்டணத்தில் மூன்று நாள் தங்குங்கள் என்றே சொல்லுவோம். ஆதென்ஸிலிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டரை மணி நேரப் பிரயாணம். வழியெல்லாம் ஒலிவ மரங்கள். ஊரை நெருங்கும்போது ஆரஞ்சுத் தோட்டங்கள்.

கடலும் காற்றும் மட்டும் வேண்டுமென்றால் மத்தியதரைக் கடலோரத்தில் நூறு ஊர்கள் உண்டு. நாப்லியோவின் விசேஷம் வேறு. துருக்கியர் ஆட்சியை எதிர்த்து 1821-ல் கிளர்ந்தெழுந்த கிரேக்கர்களுக்கு, ஆதென்ஸுக்கு முன்னால் ராஜதானியாக இருந்தது இவ்வூரே. 1834-ல்தான் அந்தப் பெருமை ஆதென்ஸுக்குப் போயிற்று. விடுதலை பெற்ற ஒரு தேசத்தின் முதல் சில வருஷங்கள் எப்படிக் கழிந்தன என்பதை இங்கே ஒரு மைல் சுற்றளவுக்குள் நடந்தே பார்த்துவிடலாம்.

முதல் நாள் காலையில், வெயில் ஏறுமுன், பலமீதிக் கோட்டைக்கு ஏறிவிட வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 216 மீட்டர் உயரம். படிகள் 999 என்பது ஊரார் கணக்கு. எண்ணிக்கொண்டே ஏறியவர்கள் ஆளுக்கொரு தொகை சொல்லுகிறார்கள். திருச்சி மலைக்கோட்டை ஏறிப் பழகிய கால்களுக்கும் இது சற்றுக் கடினமே. அங்குள்ள நிழல் இங்கே கிடையாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், மலையின் பின்புறமாகச் செல்லும் பாதையில் வாடகைக் காரில் போய் வாசலிலேயே இறங்கலாம். வெனிஸ் நகரத்தார் இக்கோட்டையை 1711 முதல் 1714 வரை அரும்பாடுபட்டுக் கட்டினார்கள். மறு வருஷமே துருக்கியர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்! 1822 நவம்பர் மாதக் கடைசியில், ஓரிரவில் கிரேக்க வீரர்கள் மதிலேறி அதைக் கைப்பற்றினார்கள்.

மேலே நின்றால் ஆர்கோலிக் வளைகுடா முழுவதும் காலடியில் விரிகிறது. அந்தக் காட்சியில் மெய்ம்மறந்து இறங்கிவிடக் கூடாது. அங்கே தாழ்ந்த வாசலுள்ள இருட்டறை ஒன்று உண்டு. விடுதலைப் போரின் மகா சேனாபதியாகிய தியடோர் கொலோகோத்ரோனிஸ் அடைபட்டிருந்த சிறை என்று அதைக் காட்டுகிறார்கள். அவரைச் சிறை வைத்தவர்கள் துருக்கியர் அல்லர். சுதந்திர கிரீஸின் ஸர்க்காரே! பிரிட்டன், பிரான்ஸ், ருஷியா ஆகிய வல்லரசுகள் தேர்ந்தெடுத்த பவேரிய இளவரசன் ஆட்டோ, 1833-ல் பதினேழு வயதுப் பாலகனாக இத்துறையில் வந்து இறங்கினான். அவன் பெயரால் ஆண்ட பிரதிநிதிகள், கிழவரான சேனாபதியின் மீது 1834-ல் ராஜத் துரோகக் குற்றம் சாட்டி மரண தண்டனை விதிக்கச் செய்தார்கள். நீதிபதிகள் ஐவரில் பாலிஸோயிதிஸ், தெர்ஸெதிஸ் என்ற இருவர் அத்தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தார்கள். அவர்களைப் பலவந்தமாக இழுத்து வந்து ஆசனத்தில் உட்கார்த்தினார்கள். அப்படியும் கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை. சேனாபதி உயிர் தப்பி, மறு வருஷம் மன்னிப்புப் பெற்றார். நம் பிள்ளைகளுக்குச் சேனாபதியின் பெயர் மறந்து போனாலும் பாதகமில்லை; அவ்விரு நீதிபதிகளின் கதையை அந்தப் படியில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

கீழே இறங்கி, பழைய ஊரின் சந்து ஒன்றில் புனித ஸ்பிரிதோன் ஆலயத்தைத் தேடுங்கள். மிகச் சிறிய கோயில். அதன் வாசலில் 1831 அக்டோபர் 9-ந் தேதி, பிரார்த்தனைக்கு வந்த கபோதிஸ்திரியாஸ் கொலையுண்டார். தேசத்தின் முதல் அதிபதி அவர். சுட்டும் குத்தியும் கொன்றவர்கள், போரில் பெரும் பங்கு கொண்ட மாவ்ரோமிகாலிஸ் வம்சத்தார் இருவர். தங்கள் குடும்பத் தலைவரை அவர் சிறையிலிட்டதே காரணம். குண்டு பாய்ந்த இடத்தைச் சுவரில் கண்ணாடியிட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். சரித்திர பாடப் புத்தகங்கள் பொதுவாக விடுதலை நாளோடு அத்தியாயத்தை முடித்துவிடும். மறு நாள் என்ன நடந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தச் சுவர் விடை சொல்லும்.

இரண்டாம் நாளை எபிதாவ்ரோஸுக்கு வைத்துக்கொள்ளலாம். முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நாடக அரங்கம் குன்றின் சரிவில் 55 வரிசைகளாக ஏறி நிற்கிறது. நடுவில் நின்று ஒரு காசைப் போட்டால் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று வழிகாட்டிகள் சத்தியம் செய்வார்கள். 2017-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். ஓசை எட்டுகிறது, ஆனால் அது காசின் ஓசை என்று பாதி வரிசைகள் வரையில்தான் தெரிகிறதாம். குரலெடுத்துப் பேசும் நடிகர் பேச்சோ கடைசி வரிசைக்கும் போய்ச் சேருகிறது. நம் பள்ளிகளின் விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் நாடகம் கிடையாது; அதற்குக் கோடையின் நடுவில் வர வேண்டும். ஆகையால் வீட்டிலே நன்றாகப் பாடும் பெண் இருந்தால் அவளை மேடையில் நிறுத்திவிட்டு நீங்கள் மேலே ஏறிக் கேளுங்கள். மைசீனிக் கோட்டையின் சிங்க வாசலையும் பார்க்கலாம். 3,200 வருஷப் பழமை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திணித்துக் குழந்தைகளை வாட்ட வேண்டாம்.

மூன்றாம் நாள் கடலுக்கு. ஊருக்குப் பின்னால், மலையடிவாரத்திலேயே ஆர்வனீதியா என்ற கூழாங்கல் கரை; மணல் வேண்டுவோர் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கராதோனாவுக்குப் போகலாம்.

மரக்கறி உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. அவித்த கீரையில் ஒலிவ எண்ணெயும் எலுமிச்சம் சாறும் விட்டுக் கொடுக்கிறார்கள். பெரிய மொச்சை போன்ற பயற்றைத் தக்காளியில் வேக வைக்கிறார்கள். தயிர் நம் வீட்டுத் தயிரைவிடக் கெட்டி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமாயின் மாமிசமும் முட்டையும் பாலும் சேராத பண்டங்கள் நிறையக் கிடைக்கும். ஆனால் இறாலும் கணவாயும் அவர்கள் நோன்புக்கு விலக்கல்ல. கேட்டுக்கொண்டே கரண்டி வையுங்கள்.

கடைத்தெருவில் ஜபமாலை போன்ற கொம்போலோய் மணிகளை விற்கிறார்கள். ஜபத்துக்கு அல்ல, விரல்களுக்குப் பொழுதுபோக்கு.

மாலையில் துறைமுகப் படிக்கட்டில் உட்கார்ந்தால், எதிரே நீரின் நடுவில் பூர்ட்ஸி என்ற குட்டிக் கோட்டை மஞ்சள் வெயிலில் மிதப்பது போலத் தோன்றும். படகுக்காரர்கள் அதற்கு அழைத்துச் செல்லுகிறார்கள். 1865 முதல் பலமீதிச் சிறையின் கொலையாளிகள், அதாவது தண்டனையை நிறைவேற்றுவோர், அங்கேதான் குடியிருந்தார்கள். ஊருக்குள் அவர்களோடு வாழ ஜனங்கள் சம்மதிக்கவில்லை. பிற்பாடு அதே கட்டடம் பல வருஷம் ஹோட்டலாக இருந்தது.