என் கல்யாணத்துக்கு மொய் நோட்டுதான் சாட்சியா?

தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சிங்கப்பூரில் அவன் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அந்தச் சத்தியத்தை நம்பி இன்னொருத்தியோடு அவனுக்குத் திருமணம் பதிவாகி, சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. எனக்குப் படம் அனுப்பியது அவன் கூடப்பிறந்த தங்கச்சி. "மதினி, மனசு கேக்கல" என்று கீழே ஒரு வரி.

அப்போ நான் யார்? கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வாசலில் பந்தல் போட்டு, பருத்தி விளைந்த இரண்டு ஏக்கர் கரிசலை எங்கப்பா கிரயம் பண்ணிய காசில், ஊரே சாப்பிட்டுப் போனதே, அது என்ன கூத்தா? லீவு முடிந்து கிளம்புமுன் பதிந்துவிடலாம் என்று கெஞ்சினேன். "அடுத்த லீவுக்குப் பாத்துக்கிடலாம் புள்ள" என்றான். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 90 நாளுக்குள் பதியச் சொல்கிறது. இருவரும் போய் நிற்க வேண்டும். ஒரு மாத லீவில் வந்தவனை எங்கே போய்ப் பிடிப்பேன்?

புகார் கொடுக்கப் போனால், "சர்டிபிகேட் இருக்காம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. பத்திரிகையைக் காட்டினேன். ஆல்பத்தைக் காட்டினேன். கடைசியில் மொய் நோட்டையே தூக்கிக்கொண்டு போனேன். மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே அவன் பெயர், என் பெயர், தேதி. எட்டையபுரம் சித்தப்பா 501, கயத்தாறு பெரியம்மா வீடு 1,001, என்னோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த பிள்ளைகள் சேர்ந்து 700. புரட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது அதில்? அத்தனை பேரும் உயிரோடு இருக்கிற சாட்சிகள்!

சடங்கு முறையாக நடந்திருந்தால், பதியாவிட்டாலும் இந்து திருமணச் சட்டப்படி நான்தான் மனைவி என்கிறார் வக்கீல். மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறையாம். சிங்கப்பூரின் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனப்படியும் அந்தத் திருமணம் செல்லாதாம். சரி, யார் போய் நிரூபிப்பது? நான்தான். வெளிநாட்டில் செய்த குற்றம் என்பதால் இங்கே விசாரிக்க மத்திய அரசின் அனுமதியும் வேண்டுமாம். பொய் சொன்னவனுக்கு ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்தது. காகிதம் காகிதமாகத் தேடி அலைகிறவள் நான்.

இது டெல்லிக்குத் தெரியாத சங்கதியா? வெளிநாடுவாழ் இந்தியர் 30 நாளுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும், தவறினால் பாஸ்போர்ட்டை முடக்கலாம் என்று 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தார்கள். நிலைக்குழுவுக்குப் போனது, சட்டமாகவில்லை. 2024இல் சட்ட ஆணையம் தன் 287ஆவது அறிக்கையில், கட்டாயம் பதிய வேண்டும், பதிவு எண்ணைப் பாஸ்போர்ட்டிலேயே போட வேண்டும் என்றது. அந்த எண் அவன் பாஸ்போர்ட்டில் இருந்திருந்தால், கல்யாணம் ஆகவில்லை என்று வாயைத் திறந்திருப்பானா?

இந்தத் தைக்கு எங்கள் தெருவுக்கே ஒரு துபாய் மாப்பிள்ளை வருகிறார். பெண்ணின் அப்பாவிடம், "அண்ணாச்சி, தாலி கட்டின கையோட ரெஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன். "நல்ல காரியம் பேசுத எடத்துல நீ இதப் பேசலாமா தாயி?" என்றார்.

பேசுவேன் அண்ணாச்சி. நீங்கள் பத்திரிகை வைக்காவிட்டாலும் பந்தலுக்கு வந்து பேசுவேன்.