ரோபோ வந்தாச்சு, ஆள் எதுக்கு?

வானியல் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுகிறார்: "அதான் தானியங்கி டெலஸ்கோப் எல்லாம் வந்தாச்சே, இன்னும் எதுக்கு தனி ஆளுங்க ராத்திரி கண்முழிச்சு நட்சத்திரம் பார்க்கணும்? வெட்டி வேலை!"

அப்படியா? எச்.டி. காசியோப்பியே என்று ஒரு நட்சத்திர ஜோடி. பூமி அளவே உள்ள வெள்ளைக் குள்ளன் ஒன்று, பக்கத்தில் இருக்கும் சிவப்பு நட்சத்திரத்திலிருந்து வாயுவை உறிஞ்சுகிறது. அந்த வாயு தட்டு மாதிரி குள்ளனைச் சுற்றித் தேங்குகிறது. ஓரளவுக்கு மேல் சேர்ந்து சூடேறினால் தட்டின் தன்மையே மாறி, வாயு மளமளவென்று உள்ளே விழும். ஜோடி பல மடங்கு பிரகாசமாகும். இதுதான் வெடிப்பு.

இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 106 நிமிடம்தான். நம்ம ஊர் சினிமாவே இதைவிட நீளம் :-) ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு நட்சத்திரம் குள்ளனை ஐந்து நிமிடம் சொச்சம் மறைக்கும். அந்தக் கிரகணம்தான் பொக்கிஷம். தட்டு கொஞ்சம் கொஞ்சமாக மறையும்போது வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று அளந்தால், தட்டின் எந்தப் பகுதி எவ்வளவு சூடு என்று கணக்குப் போடலாம். 1985-இல் கீத் ஹோர்ன் வகுத்த முறை இது.

இப்போது ரோபோவுக்கு வருவோம். பாலோமரில் 2018-இல் தொடங்கிய இசட்.டி.எஃப். கணக்கெடுப்பு, வடக்கு வானத்தைப் பொதுவாக இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை படம் பிடிப்பது. வெடிப்பு தொடங்கியதைச் சொல்ல அது போதும், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடக் கிரகணத்தின் வடிவம்? இரண்டு நாளைக்கு ஒருமுறை குளோசிங் பிரைஸ் மட்டும் பார்த்துவிட்டு, நடுவில் மார்க்கெட் எப்படி ஆடியது என்று சொல்கிற கதைதான்.

"டெஸ் செயற்கைக்கோள் விடாமல் பார்க்கிறதே?" பார்க்கிறது. இசட் கமீலியான்டிஸ் என்ற இதே ரக ஜோடியின் வெடிப்பை அழகாகப் பிடித்தது. ஆனால் ஒரு பகுதியைச் சுமார் 27 நாள் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குத் திரும்பிவிடும். எச்.டி. காசியோப்பியேவின் பெருவெடிப்பு ஒன்று 1985-இல் வந்தது. அடுத்தது 2010 நவம்பரில். 25 வருஷம்! 27 நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரிய ஆய்வகங்களில் நேரம் மாதக்கணக்கில் முன்னாடியே ஒதுக்கப்படும், வெடிப்போ நோட்டீஸ் கொடுத்து வராது. அங்கேதான் கொல்லைப்புறத்தில் சின்ன டெலஸ்கோப்பும் சி.சி.டி. கேமராவும் வைத்திருப்பவர் தேவைப்படுகிறார். ஒரு நாட்டில் விடிந்தால் இன்னொரு நாட்டுக்காரர் தொடர்வார்.

ஹப்பிளே இவர்களை நம்பியது. 2012-13-இல் இந்த மாதிரி ஜோடிகள் சுமார் 40-ஐப் பார்க்கத் திட்டமிட்டபோது, வெடிப்பு நேரத்தில் திருப்பினால் அதன் நுட்பமான உணரி பாதிக்கப்படலாம் என்ற பயம். "இப்போ அமைதியா இருக்கு, பார்க்கலாம்" என்று தகவல் கொடுத்தவர்களில் ஏ.ஏ.வி.எஸ்.ஓ. அமைப்பின் அமெச்சூர்களும் உண்டு. 1911-இலிருந்து இயங்குகிற அமைப்பு அது.

வெட்டி வேலையாம்!