பெட்டிக்குள் இல்லாத பாகம்

"காசைக் கரியாக்குகிறான்!"

பையன் பிளாஸ்டிக் காரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், பெற்றோர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை இதுதான்.

அந்தக் கார் சாவி கொடுத்து ஓடும் பொம்மை அல்ல. உண்மையான பந்தயக் காரைப் பார்த்து, அதே அளவில் சுருக்கிச் செய்த மாதிரி. பெட்டியில் துண்டு துண்டாக வருகிறது. அதை வெட்டி எடுக்கவேண்டும். தேய்க்கவேண்டும். ஒட்டவேண்டும். வர்ணம் பூசவேண்டும். பிறகு அலமாரியில் வைக்கவேண்டும். அவ்வளவுதான்!

இதற்கு ஏன் இத்தனை பாடு? கடையில் முழுக் காராகவே வாங்கிவிடலாமே?

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆங்கிலேயரின் கதை போதும்.

மிருக வைத்தியர் மகன்

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்று ஓர் ஊர். நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் அது. அதன் அருகே வளர்ந்தவர் அட்ரியன் நியூவி. 1958-ல் பிறந்தவர். தந்தை மிருக வைத்தியர். கார்களில் மோகம் உள்ளவர். வீட்டில் ஒரு சிறு பட்டறையும் வைத்திருந்தார்.

சிறுவன் நியூவிக்குப் பிளாஸ்டிக் பந்தயக் கார்களைக் கட்டுவதில் ஆசை. ஜப்பானின் தாமியா கம்பெனி வெளியிட்ட லோட்டஸ் 49 என்ற கார் அவருக்கு மிகவும் பிடித்தது. அசல் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. ஒவ்வொரு பாகத்தின் பெயரும் கூடவே அச்சிட்டிருந்தது. ஒட்ட ஒட்ட, காரின் உறுப்புகள் எல்லாம் பெயரோடு மனத்தில் பதிந்தன.

பிறகு நடந்ததுதான் முக்கியம்.

12 வயது வாக்கில் அவருக்குச் சலிப்புத் தட்டியது. பிறர் வரைந்த காரையே எத்தனை நாள் ஒட்டுவது? தாமே ஒரு காரை வரைந்தார். பழைய பெட்டிகளில் மிஞ்சிய பாகங்களை எடுத்துக்கொண்டார். இல்லாத பாகங்களைத் தந்தையின் பட்டறையில் அலுமினியத் தகட்டை மடித்துச் செய்தார். மேல் கூட்டைக் கண்ணாடி இழையில் வார்த்தார்.

பள்ளிப் படிப்பில் அவர் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. 16 வயதில் பள்ளியை விட்டே வெளியேற நேர்ந்தது. ஆனால் கை பழகியிருந்தது. கண்ணும் பழகியிருந்தது. பின்னர் ஊக்கத்தோடு படித்து, சவுதாம்ப்டன் பல்கலைக் கழகத்தில் விமானப் பொறியியல் பட்டம் பெற்றார்.

இன்று ஃபார்முலா 1 கார்ப் பந்தய உலகில் அவர் பெயரை அறியாதவர் இல்லை. வில்லியம்ஸ், மெக்லாரன், ரெட் புல் ஆகிய மூன்று கம்பெனிகளுக்கும் கார் வரைந்து கொடுத்தார். அவர் கைப்பட்ட கார்கள் பன்னிரண்டு முறை கம்பெனிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றன. 2025-ல் ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனியில் சேர்ந்தார். எல்லோரும் கம்ப்யூட்டரில் வரையும் காலத்திலும் பென்சிலும் வரைபலகையும் கொண்டு வரைகிறவர் என்று பெயர் பெற்றவர் அவர்.

காசு கரியாயிற்றா? இல்லை.

மாடே வண்டியான கதை

நியூவி ஒட்டிய லோட்டஸ் 49 சாதாரணக் கார் அல்ல. காலின் சாப்மன் என்பவரின் கம்பெனி அதைச் செய்தது. 1967 ஜூன் 4-ந் தேதி ஹாலந்து நாட்டில் ஸான்ட்வோர்ட் என்ற இடத்தில் அது முதல் தடவையாகப் பந்தயத்தில் இறங்கியது. ஜிம் கிளார்க் ஓட்டினார். இறங்கிய அன்றே வெற்றி!

அந்தக் காரில் ஒரு புதுமை உண்டு. வழக்கமாகக் காருக்கு முதலில் ஒரு சட்டம் செய்வார்கள். அந்தச் சட்டத்துக்குள் என்ஜினை உட்கார வைப்பார்கள். லோட்டஸ் 49-ல் காரின் உடல் ஓட்டுகிறவரின் முதுகோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் சட்டம் கிடையாது. என்ஜினையே நேராக உடலோடு முறுக்கிவிட்டார்கள். பின் சக்கரங்களைத் தாங்கும் தண்டுகள் என்ஜினிலும் கியர்ப் பெட்டியிலும் மாட்டியிருந்தன. வண்டியை இழுக்கும் மாடே வண்டியின் பாதியாகிவிட்ட மாதிரி!

இதனால் எடை குறைந்தது. ஃபார்முலா 1 கார்கள் பிறகு இந்த வழியையே பின்பற்றின.

இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வாக்கியம். கையில் துண்டுகளை வைத்துக்கொண்டு எது எதைத் தாங்குகிறது என்று பார்க்கும் பிள்ளைக்கு அது ஆயுள் பாடம்.

பெட்டி எங்கே நின்றுவிடுகிறது?

ஆனால், பெட்டியில் எல்லாம் வருவதில்லை. வரவும் முடியாது. காரணம் இருக்கிறது.

இந்தப் பாகங்களை எஃகு அச்சில் வார்க்கிறார்கள். உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். இடம் மிகவும் குறுகலாக இருந்தால் பிளாஸ்டிக் உள்ளே ஓடாது. ஆகவே தகடு தடித்துப் போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய காரில் தகட்டின் தடிமன் 1 மில்லிமீட்டர். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 12 மில்லிமீட்டர். அசல் கார் அத்தனை தடித்த தகட்டில் செய்ததா? இல்லை. அது மெல்லிய அலுமினியத் தகடு. ஆகவே, கைதேர்ந்தவர்கள் வெளியே தெரியும் ஓரத்தை மட்டும் உட்புறமாகச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குகிறார்கள்.

புகைக் குழாயைப் பாருங்கள். அசலில் அது உள்ளே வெற்றிடமான குழாய். பெட்டியில் வருவது பெரும்பாலும் முனை அடைபட்ட குச்சி. மெல்லிய துளையூசியை விரலால் திருகித் திருகி அந்த முனையைக் குடையவேண்டும். அவசரப்பட்டால் பக்கவாட்டில் பிளந்துகொள்ளும்.

பிறகு கம்பிகள். லோட்டஸ் 49-ன் என்ஜினுக்கு எட்டு சிலிண்டர்கள். எட்டுக்கும் தீப்பொறி தரும் எட்டுக் கம்பிகள் வேண்டும். பெட்டியில் அவை இல்லாவிட்டால் என்ன செய்வது? பழைய ரேடியோவிலிருந்து மெல்லிய கம்பியை உருவிக்கொள்ளலாம். இன்னொரு வழியும் உண்டு. பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை யாரும் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே தள்ளிப் பிடிக்கவேண்டும். சுடர் தொடக்கூடாது. துண்டு இளகியதும் இரு கையாலும் மெதுவாக இழுத்தால் நூல் போல நீளும். மெல்ல இழுத்தால் தடித்த நூல். வேகமாக இழுத்தால் மயிரிழை. குப்பைக்குப் போக இருந்த துண்டு குழாயாகிவிட்டது!

எவ்வளவு தடிமன் வேண்டும்? அசலில் 6 மில்லிமீட்டர் குழாய் என்றால், பன்னிரண்டால் வகுத்தால் அரை மில்லிமீட்டர். வகுத்தல் கணக்கென்றால் ஓடும் பிள்ளைகூட இந்தக் கணக்கைத் தானாகவே போடும்.

எந்த நாளின் கார்?

வர்ணத்திலும் பாடம் உண்டு. 1967-ல் லோட்டஸ் 49-ன் மேனி பச்சை. நடுவே மஞ்சள் கோடு. 1968-ல் ஒரு சிகரெட் கம்பெனி பணம் கொடுத்தது. உடனே கார் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறியது. அதே ஆண்டில் கார்களின் மேல் இறக்கைகளும் முளைத்தன. காற்றே காரைத் தரையோடு அழுத்தட்டும் என்பது யோசனை.

ஆகவே, "லோட்டஸ் 49 செய்கிறேன்" என்றால் போதாது. எந்தப் பந்தயத்தில் ஓடிய கார்? எந்த எண்? யார் ஓட்டியது? இறக்கை உண்டா, இல்லையா? பழைய படங்களைத் தேடவேண்டும். ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்க்கவேண்டும். அச்சடித்த தாளில் இருப்பதை அப்படியே நம்பாமல், உண்மை எது என்று தேடும் பழக்கம் இங்கே பிறக்கிறது. இந்தப் பழக்கம் காருக்கு மட்டும் உதவுவதில்லை.

முதலாளியும் பிரித்துப் பார்த்தார்

பெட்டியைச் செய்த ஜப்பானியரும் இப்படித்தான் கற்றார்கள். தாமியா கம்பெனி ஷிசுவோகா நகரில் 1946-ல் மர வியாபாரத்தோடு தொடங்கியது. அவர்கள் முதல் பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது 1960-ல். அது யமாட்டோ என்ற போர்க்கப்பல். 1967-ல் ஹோண்டா கம்பெனியின் பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வெளியிட்டார்கள்.

கம்பெனியை வளர்த்த ஷுன்ஸாகு தாமியா, போர்ஷே காரை மாதிரியாகச் செய்ய விரும்பினார். படத்தைப் பார்த்து அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. என்ன செய்தார் தெரியுமா? அசல் போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கினார். அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்! அந்த உழைப்பில் பிறந்த போர்ஷே 934 மாதிரி 1976-ல் வெளிவந்தது. அவர் 2025-ல் 90-வது வயதில் காலமானார்.

முதலாளி பிரித்தால் ஆராய்ச்சி. பிள்ளை பிரித்தால் மட்டும் குறும்பா?

விலைக்கு வரும் நுணுக்கம்

இன்று எல்லாம் கடையில் கிடைக்கிறது. சீட் பெல்ட்டுக்கு மெல்லிய உலோகத் தகடு. என்ஜினுக்கு வார்த்த பாகம். கம்ப்யூட்டர் உதவியால் அச்சடித்த திருகு ஆணிகள்கூட உண்டு. எல்லாம் மிகவும் நேர்த்தி. சில சமயம் காரின் விலையைவிட இவற்றின் விலை அதிகம்!

வயது வந்தவர்கள் தங்கள் பணத்தில் வாங்குவது அவர்கள் விருப்பம். ஆனால் பிள்ளைக்கு இவற்றை முதலிலேயே வாங்கிக் கொடுப்பது தவறு. சீட் பெல்ட்டை ஒரு துண்டு நாடாவில் வெட்டலாம். அதன் கொக்கியை மெல்லிய கம்பியில் வளைக்கலாம். முதல் பெல்ட் கோணலாக வரும். இரண்டாவது கொஞ்சம் தேறும். மூன்றாவதைப் பார்த்துப் பிள்ளையே ஆச்சரியப்படும். வாங்கிய பெல்ட்டில் இந்த மூன்று படிகளும் இல்லை.

பெற்றோர் கவனிக்க

இதை எழுதுவதால், பிளாஸ்டிக் கார் ஒட்டும் பிள்ளைகள் எல்லாம் நியூவி ஆகிவிடுவார்கள் என்று அர்த்தமல்ல. பெரும்பாலோர் ஆகமாட்டார்கள். ஆகவேண்டியதும் இல்லை. தையல் மிஷின் மக்கர் செய்தால் திறந்து பார்க்கும் துணிவு வந்தால் போதும். ஒரு வேலை கெட்டுப் போனால் அழாமல் மறுபடி செய்யும் குணம் வந்தால் போதும். இது ஆண் பிள்ளைக்கு மட்டும் உரிய விளையாட்டும் அல்ல. பெண் பிள்ளையின் கையும் அதே கைதான்.

செலவுக்கு வரம்பு இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு பெட்டி போதும். விலை குறைந்த சிறிய காரே போதும். அது முடிந்த பிறகே அடுத்தது.

எச்சரிக்கையும் வேண்டும். கத்தி கூரானது. சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் தரக்கூடாது. பசையும் வர்ணமும் நெடி உள்ளவை. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யவேண்டும். அவற்றை நெருப்பின் அருகே வைக்கக்கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

பக்கத்தில் இருக்கவேண்டுமே தவிர, கையிலிருந்து பிடுங்கக்கூடாது. "கொண்டா, நான் ஒட்டித் தருகிறேன்" என்று அப்பா உட்கார்ந்துவிட்டால், கார் அழகாக முடியும். பாடம் அப்பாவுக்குப் போய்விடும்.

பிள்ளை காரை முடித்துக்கொண்டு ஓடி வரும். வர்ணம் ஓர் இடத்தில் வழிந்திருக்கும். ஒரு சக்கரம் சாய்ந்திருக்கும். அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். "விலை என்ன?" என்றும் கேட்க வேண்டாம்.

"இதில் பெட்டியில் வராத பாகம் எது? நீயே செய்தது எது?" என்று கேளுங்கள்.

பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும். அது ஓர் அங்குலக் கம்பியாக இருக்கலாம். கோணலான ஒரு கொக்கியாக இருக்கலாம். கொஞ்சம் குனிந்து, அதை நன்றாகப் பாருங்கள்.