நெத்தலிக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்

2021 ஜூன் மாதத்தில் ஒரு நாட்காலை. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் நாட்கணக்காக எரிந்து மூழ்கத் தொடங்கியிருந்தது. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் பெருந்தொகையான பிளாஸ்டிக் மணிகளும் ஈயக் கட்டிகளும் இருந்தன என்ற செய்தி நாடெங்கும் பரவியிருந்தது. நீர்கொழும்பிலிருந்து பழைய வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, பிள்ளைகளுக்கு நெத்தலி வாங்கலாமா? நீங்கள் பத்திரிகைக்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆசிரியபீடத்தில் இருந்த காலமெல்லாம் மீனின் விலையை எழுதினோம். மீனவரின் துயரங்களையும் எழுதினோம். மீனுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளேனும் கேட்டோமில்லை. அந்தக் கடனைச் சிறிதேனும் தீர்க்கவே இதனை எழுதுகிறேன்.

முதலில் அச்சத்தைக் களைவோம். மீனில் உலோகம் என்றதும் யப்பானின் மினமாட்டா நினைவுக்கு வரும். 1956 இல் அங்கு கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணம், தொழிற்சாலைக் கழிவோடு குடாவில் கலந்த மெதைல் பாதரசம். சிறிய மீனைப் பெரிய மீன் தின்ன, அதனை அதனிலும் பெரியது தின்ன, படிக்குப் படி அதன் செறிவு கூடும். ஆகவே சாதாரண கடலில் குறுகிய காலமே வாழும் நெத்தலியிலும் சூடையிலும் பாதரசம் குறைவு; நெடுங்காலம் வாழும் சுறாவில் அதிகம். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சுறாவைத் தவிர்க்குமாறு அமெரிக்க அரசு நிறுவனங்கள் 2004 இலேயே அறிவுறுத்தின. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா வறை கொடுக்கும் நம்மவர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் பாதரசத்தோடு கதை முடிவதில்லை. கட்மியம் மீனின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். ஈயம் எலும்பை நாடும். அறுக்குளாவை உண்பவர் குடலையும் முள்ளையும் எறிந்துவிடுகிறார். நெத்தலி உண்பவரோ தலை, குடல், முள் எல்லாவற்றையும் சேர்த்தே உண்கிறார். கருவாட்டில் இன்னுமொரு சிக்கல் உண்டு. பச்சை மீனில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீர். வெயிலில் நீர் போகும், உலோகம் போகாது. எனவே ஒரு கிராம் கருவாட்டிலுள்ள உலோகம் ஒரு கிராம் பச்சை மீனில் உள்ளதைவிட அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இதை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளன. வரம்பு பொதுவாக மீனின் தசைக்கே உரியது. முழுதாக உண்ணப்படும் மீனாயின் முழு மீனுக்கும் அது பொருந்தும். தங்கள் கடலின் நெத்தலி இனத்துக்கும் சாளைக்கும் அவர்கள் விதித்த கட்மிய வரம்பு, கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2010 இல் வகுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 375 மைக்ரோகிராம் ஆகும். வரம்பின் உச்சத்திலுள்ள மீனை நாளுக்கு 50 கிராம் வீதம் அக்குழந்தை உண்டால், முப்பது நாளில் அந்த 375 உம் நிரம்பிவிடும். சோறும் மரக்கறியும் தருவது அதற்கு மேல்.

நமது நெத்தலியில் இவ்வளவு இருக்கிறது என்று நான் கூறவில்லை. அளந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் நமது மீன் வரம்பை மீறினால் எல்லையிலேயே தடுக்கப்படும். வாங்குபவர் கேட்பதால் அதற்குச் சான்றிதழ் உண்டு. புறக்கோட்டையிலோ திருநெல்வேலிச் சந்தையிலோ நெத்தலிக்கு அப்படியொரு தாளை நான் கண்டதில்லை. வெளிநாட்டான் தட்டுக்கு ஒரு நீதி, நம் தட்டுக்கு ஒரு நீதியா?

நமது ஆய்வாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர்கள் கண்ட எண்கள் ஆங்கில ஆய்வேடுகளில் உறங்குகின்றன. பருவந்தோறும், துறைதோறும், சிறு மீனை நாம் உண்ணும் வடிவிலேயே, கருவாட்டையும் சேர்த்து, அளக்க வேண்டும். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் சந்தையிலேயே ஒட்ட வேண்டும். எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்குமாறு 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதற்கு அவ்வளவு பணமும் வேண்டியதில்லை.

அதுவரை நெத்தலியை நிறுத்திவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் இவ்வளவு மலிவாக வேறெதில் கிடைக்கும்? தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டுச் சமையுங்கள். குழந்தைக்கு நாள்தோறும் ஒரே மீனைக் கொடாமல் மாற்றிக் கொடுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஊர்க் கருவாடு வாங்குவோர் கடைக்காரரிடம், "இது எங்கே பிடித்தது, யார் சோதித்தது?" என்று கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் சான்றிதழ் வரும்.

நீர்கொழும்பு வாசகருக்கு அன்று நான் சொன்ன பதில், "கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள்" என்பதுதான். தகவல் இல்லாதவன் சொல்லும் பதில் அது. கரையில் வலை இழுக்கும் குடும்பமோ அந்தக் கொஞ்ச நாளும் பட்டினி கிடந்தது.